யாருடைய திண்ணை? சாதியை மறைத்துவிட்டு ட்ராமா பேசும் வெல்னஸ் வகுப்புகள்

“கண்ணை மூடிக்குங்க. மூச்சை மெதுவா உள்ள இழுங்க. இப்ப நீங்க உங்க பாட்டி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கீங்க. வாசல்ல கோலம். தூரத்துல கோயில் மணி. உள்ளேருந்து காபி வாசம் வருது. இங்க உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்ல.”

நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சியின் இரண்டாம் நாள் காலை அது. ஆய்வு மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, சக மாணவர்களுக்கு உதவும் ‘வெல்னஸ் கோச்’களாக ஆக்கப்போகிறோம் என்றார்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். பயிற்சியின் பெயரிலேயே ‘ட்ராமா இன்ஃபார்ம்டு’ என்ற சொல் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏதோ ஒரு மனக்காயத்தோடு வந்திருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்து, அந்தக் காயத்தை மேலும் கீறிவிடாமல் பழகுவது என்று அதற்குப் பொருள். நல்ல சொல். அதை நம்பித்தான் பெயர் கொடுத்தேன்.

என் பாட்டி வீட்டுக்குத் திண்ணை கிடையாது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். திண்ணை வைத்த வீடுகள் ஊருக்குள் இருந்தன. அறுவடை முடிந்து கூலி நெல் வாங்க என் பாட்டி அந்தத் திண்ணைகளுக்குக் கீழே, வெயிலில், முந்தானையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். கோயில் மணி எங்கள் தெருவுக்கும் கேட்கும். மணி கேட்கலாம், கோயிலுக்குள் போகக் கூடாது. ஆகவே கண்ணை மூடிய அந்த நிமிடத்தில் எனக்கு அமைதி வரவில்லை. தொண்டை அடைத்தது. நெஞ்சு படபடத்தது.

வட்டமாக உட்கார்ந்து ‘என்ன உணர்ந்தீர்கள்’ என்று பகிரச் சொன்னபோது இதைத்தான் சொன்னேன். பயிற்சியாளர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. “அது உங்க பாட்டியோட வலிம்மா. அதை நீங்க சுமக்க வேண்டியதில்ல. லெட் கோ பண்ணுங்க” என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, “இது சேஃப் ஸ்பேஸ். இங்க பாலிடிக்ஸ் வேண்டாம்” என்றார். தேநீர் இடைவேளையில் சக மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து, மிக மென்மையாக, “உங்களுக்கு எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மாலை எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதன்படி நான் இப்போது மனக்காயம் அறிந்த வெல்னஸ் கோச்.

அந்த ஒரு பயிற்சியாளரோடு எனக்குச் சண்டை இல்லை. இணையத்தில் வார இறுதி வகுப்பாகவும், கார்ப்பரேட் நிறுவனங்களில் ‘வெல்பீயிங்’ நிகழ்ச்சியாகவும், கல்லூரிகளில் மாணவர் நலத் திட்டமாகவும் பெருகிவரும் ஒரு தொழிலோடுதான் சண்டை. இந்தியாவில் சாதியைப் பேசாமல் மனக்காயம் பற்றிப் பயிற்சி கொடுக்க முடியாது. கொடுத்தால் அது அரைகுறைப் பயிற்சியாக மட்டும் நிற்காது. காயத்தை மீண்டும் கீறும் பயிற்சியாகவே ஆகிவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது

ட்ராமா என்ற சொல்லை வெல்னஸ் சந்தை கண்டுபிடிக்கவில்லை. அது போராடி வாங்கப்பட்ட சொல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், போருக்கு எதிராக நின்றபடியே, தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். எங்களுக்குப் பைத்தியம் இல்லை, எங்களுக்கு நடந்ததுதான் பைத்தியக்காரத்தனம் என்று வாதாடினார்கள். பாலியல் வன்முறையைப் பற்றி வாய் திறந்த பெண்ணிய இயக்கம் இன்னொரு பக்கம். இந்த அழுத்தங்களுக்குப் பிறகுதான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி என்ற நோய்க்குறி இடம்பெற்றது. ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய புத்தகத்தின் அடிப்படை வாதமே இதுதான்: அரசியல் இயக்கம் ஒன்று துணை நிற்காவிட்டால், மனக்காயம் பற்றிய அறிவைச் சமூகம் திரும்பத் திரும்ப மறந்துவிடும். ‘இங்க பாலிடிக்ஸ் வேண்டாம்’ என்று சொல்லும் ட்ராமா வகுப்பு, தன் தாயைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளை.

உடல்நலக் கோச்சுகளுக்கு நெருக்கமான இன்னொரு கதையும் உண்டு. 1980களில் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைப்பு மையம் ஒன்றை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று உட்கார்ந்து கேட்டபோது, அவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அவர்களுக்கு எடை ஒரு கவசமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1998இல் முதல் முடிவுகள் வெளியான ‘ஏஸ்’ ஆய்வு. 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவத் துன்பங்களைக் கேட்டு, அவற்றுக்கும் பிற்கால இதய நோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. ‘உனக்கு மன உறுதி இல்லை’ என்று நோயாளியைத் திட்டுவதை நிறுத்தி, ‘உனக்கு என்ன நடந்தது’ என்று கேட்க வைத்தது. அது பெரிய மாற்றம்.

ஆனால் யாரிடம் கேட்டார்கள்? காப்பீடு வைத்திருந்த, பெரும்பாலும் வெள்ளையரான, கல்லூரி வாசலை மிதித்த நடுத்தர வர்க்கத்தினரிடம். ஆகவே பட்டியலில் இருந்த கேள்விகள் எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை: அடி, திட்டு, புறக்கணிப்பு, குடிகார அப்பா, பிரிந்த பெற்றோர். தெரு அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிக்கூடமும் காவல் நிலையமும் இல்லை. பின்னாளில் கறுப்பின மக்கள் திரளாக வாழும் ஃபிலடெல்ஃபியா நகரில் இதே ஆய்வைச் செய்தவர்கள் இந்த ஓட்டையைக் கண்டுகொண்டார்கள். இனவெறி, கண்ணெதிரே பார்த்த வன்முறை, பாதுகாப்பில்லாத வசிப்பிடம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள்.

நம் ஊர் வகுப்புகளில் பழைய பட்டியல் அப்படியே ஓடுகிறது. அதன்படி பார்த்தால், குடிக்காத அப்பாவும் அடிக்காத அம்மாவும் அமைந்த ஒரு சேரிக் குழந்தைக்கு எந்தக் காயமும் கிடையாது. பள்ளியில் கழிவறை கழுவச் சொன்னது கணக்கில் வராது. தண்ணீர்ப் பானையைத் தொடாதே என்றது கணக்கில் வராது. தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட அப்பாவைப் பார்த்ததும் வராது. மதிப்பெண் பூஜ்யம்.

ஆறாவது கொள்கை எங்கே போனது?

2014இல் சாம்சா என்ற அமெரிக்க அரசு நிறுவனம் மனக்காயம் அறிந்த அணுகுமுறைக்கு ஆறு கொள்கைகளை வகுத்தது. உலகம் முழுக்கப் பயிற்சிகளில் காட்டப்படுவது இதுதான். பாதுகாப்பு. நம்பகமும் வெளிப்படைத்தன்மையும். ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணை. சரிசமமாகச் சேர்ந்து செயல்படுதல். குரலுக்கும் தேர்வுக்கும் இடம் கொடுத்தல். ஆறாவது: பண்பாடு, வரலாறு, பாலினம் சார்ந்த விஷயங்களைக் கணக்கில் எடுத்தல்.

எங்கள் பயிற்சியில் முதல் ஐந்துக்கும் தலா ஒரு மணி நேரம் விளையாட்டு, பாட்டு, குழு உரையாடல் எல்லாம் இருந்தன. ஆறாவது ஒரே ஸ்லைடில் கடந்துபோனது. ஒரு மரத்தின் படம், வேர்களுக்கு நடுவே ‘கல்ச்சர்’ என்ற சொல். பண்பாடு என்றால் நம் மரபு, நம் பாரம்பரிய உணவு, நம் யோகா என்று விளக்கம். வரலாற்றை மதிக்கச் சொன்ன கொள்கை, வரலாற்றைக் கொண்டாடச் சொல்வதாக மாறிவிட்டது. யாருக்குக் காயம் ஏற்படுத்தியதோ அவரையே அந்தப் பண்பாட்டின் மடியில் சாய்ந்து ஆறுதல் தேடச் சொல்கிறார்கள். என்னைத் திண்ணையில் உட்கார வைத்தது இந்தக் குழப்பம்தான்.

மற்ற ஐந்தும் இதில் தப்பவில்லை. எதிரில் இருப்பவர் என் சாதியைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் பாதுகாப்பு எப்படி வரும்? ‘ஊருல எந்தப் பக்கம்’ என்று கேட்பவரோடு சரிசமம் எங்கே வரும்? ஆறாவதை எடுத்துவிட்டால் மற்ற ஐந்தும் ஊருக்கு மட்டும் பொருந்தும், சேரிக்குப் பொருந்தாது.

வெல்னஸ் மொழியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். டீடாக்ஸ். சுத்தமான உணவு. உடம்பில் உள்ள அசுத்தங்களை வெளியேற்றுதல். சாத்வீக உணவு மனதை அமைதியாக்கும், தாமச உணவு மந்தமாக்கும். தாமசப் பட்டியலில் யாருடைய சட்டி இருக்கிறது? மாட்டுக்கறியும் கருவாடும் தின்று வளர்ந்தவர், தன் பதற்றத்துக்குக் காரணம் தன் வீட்டு உணவுதான் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார். வாடகை வீடு தேடும்போது கேட்ட அதே கேள்வி, இங்கே மருத்துவ ஆலோசனை என்ற வேடத்தில் வருகிறது. தீட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு டாக்ஸின் என்ற சொல்லை வைத்தால் அறிவியல் ஆகிவிடுமா?

மூன்று லிட்டர் தண்ணீர்

எந்த வெல்னஸ் கோச்சைக் கேட்டாலும் முதல் அறிவுரை ஒன்றுதான்: தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூவரைக் குற்றம் சாட்டியது. அந்தத் தெருவில் ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும் கணத்தை நினைத்துப் பாருங்கள். அவரிடம் போய் ‘ஹைட்ரேஷன்’ பற்றிப் பேசும் கோச்சுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறோம்? அவர் ஒரு மடக்கு குடிக்கத் தயங்கினால், அதைப் பழக்கக் குறைபாடு என்று குறித்துக்கொள்வாரா?

மனக்காயம் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் ‘நடந்து முடிந்த நிகழ்ச்சி’யைப் பற்றிப் பேசுகின்றன. போர் முடிந்தது, விபத்து முடிந்தது, இப்போது நீ பாதுகாப்பாக இருக்கிறாய் என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் சிகிச்சை. சாதி முடிந்துபோன நிகழ்ச்சி அல்ல. அது நாளைக் காலையும் வரும். அடிபட்டவர் அடித்தவரின் கடையைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். இந்நிலையில் ‘இப்போது ஆபத்து இல்லை’ என்று சொல்வது பொய். ஒருவருடைய எச்சரிக்கை உணர்வை நோய் என்று பெயரிட்டு, அவரிடம் இருக்கும் கடைசிக் கேடயத்தையும் பிடுங்குவது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அடுத்த ஆண்டு அந்த மாணவர் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தபோது ஊடகங்கள் அவருடைய மன உறுதியைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வெட்டியவர்களுக்கு அந்த வயதில் அந்த வெறியை ஊட்டிய வீடுகளுக்கும் தெருக்களுக்கும் என்ன சிகிச்சை? நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. மனநலப் பயிற்சி என்றால் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். சாதி என்பது கல்லால் கட்டிய சுவர் அல்ல, அது மனதின் நிலை என்ற பொருளில் அண்ணல் அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். அப்படியானால் முதலில் சரிசெய்ய வேண்டிய மனம் யாருடையது?

‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் அவர் பரோடாவில் நடந்ததை எழுதுகிறார். வெளிநாட்டுப் பட்டங்களோடு வந்தவரை, தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும், பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்த கூட்டம் விரட்டுகிறது. 18 ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சி கண்முன் நிற்கிறது, கண்ணீர் வராமல் அதை நினைக்க முடியவில்லை என்கிறார். அமெரிக்கக் கையேடு பிடிஎஸ்டி என்று பெயர் வைப்பதற்கு நாற்பத்து சொச்சம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாக்குமூலம் அது. எந்த ட்ராமா வகுப்பிலாவது இது பாடமாக இருக்கிறதா? பாடநூல் நம் வீட்டிலேயே இருக்கிறது, நாம்தான் இறக்குமதிச் சரக்குக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

யார் கோச், யார் தன்னார்வலர்

அமெரிக்காவில் உடல்நலக் கோச்சுகளுக்குத் தேசிய அளவில் ஒரு வாரியமும் 2017 முதல் ஒரு தேர்வும் இருக்கின்றன. இங்கே மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கோச் என்று பலகை மாட்ட எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கோச் ஆகலாம், ஆங்கிலமும் நல்ல கேமராவும் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், நடை பழக்கம் பற்றிப் பேசுகிறார்கள். அசல் ஹெல்த் கோச் வேலை இதுதான். ஆனால் அவர்களுக்குப் பெயர் தன்னார்வலர். ஊதியத்துக்குப் பெயர் ஊக்கத்தொகை.

என் ஆய்வுக்காகப் பேசியபோது, இப்படிக் கிராமத்தில் வீடு வீடாகப் போகும் ஒரு அக்கா சொன்னார்: “பிபி பார்க்கணும்னா கையில பட்டையைச் சுத்தணும்ல தங்கச்சி. சில பெருசுங்க, மெஷினைக் கீழ வையி, நானே சுத்திக்கிறேன்னு சொல்லும். நான் பட்டனை மட்டும் அமுக்குவேன். நம்பரு ஏறித்தான் வரும். எனக்கும் ஏறியிருக்கும், யாரு பாக்குறா?”

மனக்காயம் அறிந்த பயிற்சி இந்த நாட்டில் யாருக்காவது தேவை என்றால் இந்த அக்காவுக்குத் தேவை. அவருக்குப் பயிற்சி கொடுப்பதை விட, அவரைப் பயிற்சியாளராக உட்கார வைத்து மற்றவர்கள் கற்க வேண்டும் என்பேன். ஒரு வீட்டில் எங்கே நிற்க வைக்கிறார்கள், எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார்கள், எந்தக் கேள்விக்கு எந்த முகம் மாறுகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தச் சான்றிதழ்க்காரருக்கும் தெரியாது.

‘எல்லாவற்றிலும் சாதியா?’

இப்படி எழுதினால் வரும் முதல் கேள்வி இது. மருத்துவமனையில் எல்லாவற்றிலும் ரத்தப் பரிசோதனையா என்று யாரும் கேட்பதில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால்தானே தெரியும்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18இல், மனநலச் சேவை பெறும் உரிமையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது சாதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டத்துக்குத் தெரிந்தது பாடத்திட்டத்துக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி: கோச் என்ன களப்போராளியா? இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. சொல்லப்போனால் கோச் இன்னும் குறைவாகச் செய்ய வேண்டும் என்கிறேன். மனக்காயத்துக்குச் சிகிச்சை தருவது கோச்சின் வேலையே அல்ல. காயம் இருக்கலாம் என்று உணர்ந்து, தோண்டாமல், கட்டாயப்படுத்தாமல், தேவைப்பட்டால் தகுதியுள்ளவரிடம் அனுப்புவதுதான் அவர் எல்லை. மூன்று நாள் வகுப்பில் நாற்பது பேரைக் கண்ணை மூடச் சொல்லி, பால்யகால நினைவைக் கிளறி, வட்டமாக உட்கார வைத்து அழவிட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது அவர்களுடைய சொந்த விதிக்கே எதிரானது.

அந்தச் சான்றிதழோடு நான் பார்த்த முதல் ‘கிளையண்ட்’ பற்றிச் சொல்கிறேன், அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி. முதல் தலைமுறை ஆய்வு மாணவர். எட்டு மாதமாக உதவித்தொகை வரவில்லை. தூக்கம் இல்லை. மெஸ் பாக்கி. நெறியாளர் இவரை மட்டும் அறைக்குள் உட்காரச் சொல்வதில்லை, நடைபாதையில் நிற்க வைத்தே பேசுவார். என் கையேட்டில் இருந்த தீர்வுகள்: நன்றியுணர்வு நாட்குறிப்பு, மூச்சுப் பயிற்சி, படுக்கும் முன் செல்போனை ஒதுக்குதல். அந்தக் கையேட்டை மூடி வைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து உதவித்தொகைப் பிரிவுக்கு ஒரு மனு எழுதினோம். நெறியாளர் நடத்திய விதத்தைத் தேதியோடு குறித்து வைத்தோம். துறையில் இதே நிலையில் இருந்த இன்னும் நான்கு பேரைக் கண்டுபிடித்தோம். ஐந்து பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி தூங்கினேன் என்றார்.

மூச்சுப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. அதையும் செய்தோம், மனு எழுதிய பிறகு. வரிசைதான் முக்கியம். 1925இல் இந்த மண்ணில் தொடங்கிய இயக்கத்துக்குப் பெயர் சுயமரியாதை இயக்கம். தன்னை நேசி என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வது வேறு, என்னை அவமதிக்க உனக்கு உரிமையில்லை என்று எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வது வேறு. முதலாவதை விற்கலாம். இரண்டாவதைச் சேர்ந்துதான் செய்ய முடியும்.

நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம்

மூன்றாவது கேள்வி நம் தோழர்களிடமிருந்து வரும். நமக்குத் தேவை நீதி, தெரபி அல்ல. மனக்காயம், ஹீலிங் என்றெல்லாம் பேசினால் அரசியல் நீர்த்துப்போகும். இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பாதி அந்த அச்சம்தான். ஆனாலும் தோழர்களே, கொஞ்சம் நேர்மையாகப் பேசுவோம்.

ஒரு வன்கொடுமை நடந்தால் உண்மையறியும் குழுவாகப் போகிறோம். நானும் போயிருக்கிறேன். காலையில் ஒரு குழு, மதியம் ஒரு கட்சி, மாலையில் ஒரு யூடியூப் சேனல். மகனைப் பறிகொடுத்த அம்மாவிடம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்கிறோம். எந்த இடத்தில் வெட்டினார்கள், கடைசியாக என்ன சொன்னான். அவர் அழுதால் கேமரா நெருங்குகிறது. மறுநாள் வேறு ஊர், வேறு செய்தி. அந்த அம்மா அன்று சாப்பிட்டாரா, இரவு யார் துணைக்குப் படுத்தார்கள் என்று எந்த அறிக்கையிலாவது எழுதியிருக்கிறோமா? வழக்கு முடியும் வரை அந்த வீட்டுக்கு யார் போய்வருகிறார்கள்? மனக்காயத்தை மீண்டும் கீறாதே என்ற அந்தப் பாடம் நமக்கும் வேண்டும்.

2016இல் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019இல் டாக்டர் பாயல் தத்வியை இழந்தோம். ஒவ்வொரு முறையும் நிறுவனக் கொலை என்று சரியாகவே பெயர் சொன்னோம். அடுத்த பெயர் வரும்வரை, நம் பக்கத்து அறையில் இருப்பவர் மூன்று நாளாக ஏன் மெஸ்ஸுக்கு வரவில்லை என்று கேட்க மறந்தோம். நீதியையும் ஆறுதலையும் எதிரெதிராக நிறுத்தியது சந்தை. அதே தவறை நாமும் ஏன் செய்ய வேண்டும்? அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபனோன் 1956இல் காலனி அரசின் மருத்துவமனை வேலையை ராஜினாமா செய்து விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தார். ஆனால் சிகிச்சை கொடுப்பதை அவர் விடவில்லை. இரண்டையும் ஒரே கையால் செய்தார்.

என்ன கேட்கிறோம்

வெறும் விமர்சனத்தோடு நிறுத்த விரும்பவில்லை. கல்லூரியிலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு பயிற்சி வந்தால், சேர்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, பாடத்திட்டத்தில் சாதி எத்தனை மணி நேரம்? ‘பன்முகத்தன்மை’ என்ற ஒரு ஸ்லைடு போதாது. சாதியை மனக்காயத்தின் காரணமாகப் பெயர் சொல்லிப் பாடம் நடத்த வேண்டும்.

இரண்டு, பயிற்சியாளர் குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் யார்? அனுபவம் பகிர்ந்துவிட்டுப் போகும் விருந்தினராக அல்ல, கட்டணம் பெற்றுப் பாடத்தை வடிவமைப்பவராக.

மூன்று, ஆதிக்க சாதியில் பிறந்த பயிற்சியாளர்களும் கோச்சுகளும் தங்கள் சாதி நிலையைப் பற்றிப் பேசவும் திருத்திக்கொள்ளவும் என்ன ஏற்பாடு? அந்த வேலையைத் தலித் பங்கேற்பாளர் தலையில் கட்டக் கூடாது. என் கதையைக் கேட்டு நீங்கள் விழிப்படைய நான் பாடப்பொருள் அல்ல.

நான்கு, கண்ணை மூட, தொட, பகிர மறுக்கும் உரிமை உண்டா? மறுத்தவரைக் காரணம் கேட்காமல் விடுவார்களா?

ஐந்து, அனுப்பிவைக்கும் பட்டியலில் மனநல மருத்துவரோடு வழக்கறிஞரும் இருக்கிறாரா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பற்றி ஒரு மணி நேரமாவது சொல்லித் தருவார்களா? சாதிக் காயத்துக்கு எஃப்ஐஆரும் ஒரு முதலுதவி.

ஆறு, தமிழில் நடக்கிறதா, கட்டணம் எவ்வளவு? வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண்களுக்கு இலவசமாகவும், வேலை நேரத்திலும், அந்த நாளுக்குக் கூலியோடும் கிடைக்குமா?

இந்த ஆறுக்கும் பதில் இல்லாத பயிற்சியில் ட்ராமா இருக்கலாம், அறிதல் இல்லை. என் பல்கலைக்கழகத்தின் நலப் பிரிவுக்கு இதே ஆறு கேள்விகளையும் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு அழைப்பு மட்டும் வந்திருக்கிறது. போவேன். இந்த முறை கண்ணை மூடமாட்டேன்.